வியர்வைச் சுரப்பிக் கட்டிகள்: கேள்வி பதில்

கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் தோல் நிறத்தில் பொடிப்பொடியாக இருக்கிறது. பரு க்ரீம் போட்டும் போகவில்லை. அக்காவுக்கும் உண்டு.

சிரிங்கோமாவாக, அதாவது வியர்வைக் குழாயில் வரும் சாதாரணக் கட்டியாக இருக்கலாம். 1 முதல் 3 மி.மீ. அளவில் இருக்கும். ஊசியால் கீறினால் வெள்ளை முத்து வெளியே வந்தால் அது மிலியா (தோலுக்கடியில் வரும் சின்ன வெள்ளைக் கட்டி). சிரிங்கோமாவில் எதுவும் வராது. அதை டாக்டர்தான் கீறிப் பார்க்க வேண்டும், வீட்டில் வேண்டாம். வளர்ச்சி டெர்மிஸில் (தோலின் உள் அடுக்கில்) இருப்பதால் க்ரீம் அங்கே எட்டாது. ஆபத்தில்லை, அப்படியே விட்டுவிடலாம். எடுத்தே ஆக வேண்டுமென்றால் கார்பன் டை ஆக்சைடு லேசர் அல்லது மெல்லிய ஊசிமுனை மின்சூடு. ஆழமாகச் சுட்டால் குழி விழும்; மேலோட்டமாகச் சுட்டால் திரும்ப வரும். மாநிறத் தோலில் கருமை தங்குவதுதான் பெரிய தொல்லை. அதனால் முதலில் ஓரத்தில் ஒரு சிறு இடத்தில் மட்டும் செய்யச் சொல்லுங்கள். இரண்டு மாதம் பார்த்துவிட்டு மற்றதைத் தொடலாம்.

டாக்டர், உள்ளங்காலில் சிவப்பாக ஒரு மரு. லேசாகப் பட்டாலே ரத்தம். கார்ன் கேப் (கால் ஆணிக்கான மருந்துப் பட்டை) ஒட்டியிருக்கிறேன்.

முதலில் அந்தக் கார்ன் கேப்பை எடுத்துவிடுங்கள். கட்டியைச் சுற்றி அகழி போலப் பள்ளம் தெரிந்தால் போரோமாவாக (வியர்வைக் குழாயில் வரும் சாதாரணக் கட்டி) இருக்கலாம். ஆனால் நிறமில்லாத மெலனோமாவும் (ஒரு வகைத் தோல் புற்றுநோய்) உள்ளங்காலில் இதே தோற்றத்தில் வரும். கண்ணால் பார்த்து மட்டும் உறுதி சொல்ல முடியாது, பயாப்ஸி (திசுவை எடுத்துப் பரிசோதிப்பது) கட்டாயம். "சுட்டு எடுத்துவிடலாம்" என்று யார் சொன்னாலும் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். சுட்டபின் பரிசோதனைக்குத் திசு மிஞ்சாது. சின்னதாக இருந்தால் அடிப்பாகத்தோடு முழுதாக வெட்டி, திசுவைப்போல் பத்து மடங்கு அளவு 10% ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் திரவம்) போட்டு அனுப்புவார்கள். மேலே மட்டும் சீவினால் அடியில் ஊடுருவல் இருந்தாலும் தெரியாமல் போகும். அரிதாகப் போரோமா போரோகார்சினோமா என்ற புற்றுநோயாக மாறுவதுண்டு. பழைய கட்டி திடீரென வளர்ந்தாலோ புண்ணானாலோ தள்ளிப்போடக் கூடாது.

இமையோரம் நீர்க்கொப்புளம், வெயில் காலத்தில் பெரிதாகிறது. குத்தி நீரை எடுத்தும் திரும்ப வந்துவிட்டது.

ஹைட்ரோசிஸ்டோமா, அதாவது வியர்வைச் சுரப்பியில் வரும் நீர்ப்பை. பையின் சுவர் உள்ளேயே இருப்பதால் மறுபடி நிரம்புகிறது. சுவரோடு எடுக்க வேண்டும்.

முன்கையில் நீலம் பாரித்த கட்டி, அழுத்தினால் சுரீரென்று வலி. அப்பாவுக்குத் தலையில் நிறைய உருண்டைகள் உண்டு.

வலியை வைத்துப் பார்த்தால் ஸ்பைரடினோமா என்ற வியர்வைச் சுரப்பிக் கட்டி நினைவுக்கு வரும். குளோமஸ் கட்டி, ஆஞ்சியோலிப்போமா (ரத்தக்குழாய் கலந்த கொழுப்புக் கட்டி) ஆகியவையும் இப்படி வலிக்கும். அல்ட்ராசவுண்டில் ஆழம் பார்த்து, முழுதாக எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவதுதான் வழி. அப்பாவின் தலையில் இருப்பவை சிலிண்ட்ரோமாவா (பெரும்பாலும் தலையில் வரும் இன்னொரு தோல் கட்டி) என்று டாக்டரிடம் அவசியம் காட்டுங்கள். ஸ்பைரடினோமாவும் சிலிண்ட்ரோமாவும் ஒரே குடும்பத்தில் வந்தால் சிஒய்எல்டி (CYLD) என்ற மரபணுவில் மாற்றத்தைச் சந்தேகிக்க வேண்டும். அது உறுதியானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த மாற்றம் வர 50% வாய்ப்பு. புதுக் கட்டிகள் வந்துகொண்டே இருக்கும் என்பதால் வருடா வருடம் தோல் பரிசோதனை தேவை.