சலவைத் தூளுக்கு மாற்றாக எதைப் பயன்படுத்தலாம்?

வழக்கமான சலவைத் தூளைக் கைவிட்டு, நீருக்கும் மண்ணுக்கும் அதிகம் கேடு செய்யாத எதைக் கொண்டு துணி துவைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாத் துணிக்கும் ஒன்றே போதும் என்று என்னால் சொல்ல முடியாது. துணியையும் அழுக்கையும் பார்த்தே நான் தேர்ந்தெடுக்கிறேன்.

பட்டு, கம்பளி, அதிகம் அழுக்கில்லாத அன்றாட ஆடைகள் ஆகியவற்றுக்குப் பூந்திக்கொட்டையே என் முதல் தேர்வு. அதன் தோலில் சப்போனின் என்னும் இயற்கை நுரைப்பொருள் இருக்கிறது. விதையை நீக்கிய தோலை ஒரு கைப்பிடி எடுத்து, வெந்நீரில் இரவு முழுவதும் ஊறவிட்டுக் காலையில் கையால் நன்றாகப் பிசைந்தால், தோல் குழைந்து, நீர் பழுப்பு நிறமாகி நுரை கட்டும். அதை மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ள வேண்டும். சில நாட்களிலேயே புளித்து நாறத் தொடங்கிவிடும் என்பதால், அவ்வப்போது தேவைக்கு மட்டும் தயாரிப்பது நல்லது. பல சலவைத் தூள்களில் உள்ள காரமும் புரதத்தைச் சிதைக்கும் நொதிகளும் புரதத்தாலான பட்டு, கம்பளி இழைகளை நலியச் செய்யும். பூந்திக்கொட்டையில் அந்தக் கவலை இல்லை. ஆனால், சட்டைக் கழுத்தில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கை அதனால் முழுவதும் எடுக்க முடியாது.

வெள்ளைப் பருத்தித் துணியின் கறைக்குச் சோடியம் பெர்கார்பனேட் என்னும் வெளுக்கும் தூள் ஏற்றது. நீரில் கரைந்ததும் அது சலவைச் சோடாவாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் பிரிகிறது. பின்னது கறையை வெளுத்துவிட்டு நீராகவும் ஆக்சிஜனாகவும் சிதைந்துவிடும். 40 பாகை செல்சியசுக்கு மேல் சூடான நீரில்தான் அது நன்கு வேலை செய்யும். பட்டுக்கும் கம்பளிக்கும் ஆகாது.

வினிகரையும் சமையல் சோடாவையும் சேர்த்துக் கலக்கும் யோசனையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். அமிலமும் காரமும் ஒன்றையொன்று சமன்செய்துவிடுவதால் அதில் பயனில்லை. குளோரின் பிளீச்சுடன் வினிகரைச் சேர்த்தால் நச்சு வாயு எழும். அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

கால்சியம் போன்ற தாதுக்கள் மிகுந்த கடின நீரில் சோப்பு, அந்தக் கால்சியத்தோடு சேர்ந்து துணியில் வெண்படிவாகத் தங்கிவிடும். அப்படிப்பட்ட நீர் உள்ளவர்களுக்கு, பாசியைப் பெருக்கும் பாஸ்பேட் இல்லாத, எளிதில் மட்கும் திரவ டிடர்ஜென்டை அளவாகப் பயன்படுத்துவதே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

துவைத்த நீரைச் செடிகளுக்குப் பாய்ச்சுபவர்கள் சோடியம் குறைந்த பொருளையே தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளடைவில் மண் இறுகிவிடும். சப்போனின் மீன்களுக்கு நஞ்சு என்பதால், பூந்திக்கொட்டை நீரையும் குளத்திலோ ஓடையிலோ நேரடியாகக் கொட்டாதீர்கள்.