ஜெல் நகத்தின் மேல் ஓர் இரவு நிறம்: உரிக்கும் அடிப்பூச்சு சரிப்படுமா?

கேள்வி: அக்கா, நான் சுங்கை சிப்புட்டில் வங்கி கவுண்டரில் வேலை செய்கிறேன். இரண்டு வாரத்துக்கு முன்புதான் 90 வெள்ளி கொடுத்து இளஞ்சிவப்பில் ஜெல் போட்டேன். வரும் சனிக்கிழமை தங்கைக்கு நிச்சயதார்த்தம். புடவைக்குத் தோதாக அந்த ஓர் இரவுக்கு மட்டும் அரக்குச் சிவப்பும் மினுக்கும் வேண்டும். திங்கட்கிழமை பழையபடி இளஞ்சிவப்போடு வேலைக்குப் போகணும். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் 'பீல் ஆஃப் பேஸ் கோட்' என்று உரிக்கும் அடிப்பூச்சு ஒரு குப்பி வாங்கி இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். முதல் முறை, கோழி கழுவும்போதே இரண்டு விரலில் கழன்று போனது. இரண்டாம் முறை, உரிக்கவே வரவில்லை. அசிட்டோன் வைத்துத் தேய்த்தேன், ஜெல் மங்கிவிட்டது. இதை ஜெல் மேல் போடலாமா, கூடாதா?

பதில்: போடலாம். அந்தக் குப்பிக்கு ஜெல்லின் மேல்தான் சரியான இடம் என்றே சொல்வேன். உங்களுக்கு இரண்டு முறையும் கெட்டுப்போனது வேறு வேறு காரணத்தால். அதைச் சொல்வதற்கு முன், குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

என் அம்மா கித்தா காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், பால் வெட்டியவர். வெட்டுக்கோட்டில் முதல் நாள் வடிந்த மிச்சப் பால் காய்ந்து நாடா மாதிரி படிந்திருக்கும். அந்த ஒட்டுப்பாலை ஒரு முனையில் நிமிண்டி, நீளமாக உரித்துச் சாக்கில் போட்டுவிட்டுத்தான் உளியை வைப்பார். நன்றாகக் காய்ந்திருந்தால் ஒரே இழுப்பில் வரும். ராத்திரி மழை பெய்திருந்தால் பிசுபிசுவென்று துண்டு துண்டாக அறுந்து கையில் ஒட்டும். உங்கள் குப்பியிலும் இதே கதைதான். தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய துகள்கள். தண்ணீர் ஆவியாகப் போகப் போக அவை நெருங்கி, ஒன்றோடொன்று இணைந்து ஒரு மெல்லிய தோலாகிவிடும். பூசும்போது பால் வெள்ளையாக இருந்தது காய்ந்ததும் கண்ணாடி போலத் தெளிவதும் இதனால்தான்.

நம் அம்மாக்கள் கியூடெக்ஸ் என்று சொல்கிற சாதாரண நகப்பூச்சு வேறு வகை. நைட்ரோசெல்லுலோஸை எத்தில் அசிடேட், பியூட்டில் அசிடேட் மாதிரித் திரவங்களில் கரைத்து வைத்திருப்பார்கள். திரவம் ஆவியாகிக் காய்கிறது, ரிமூவர் பட்டால் மறுபடி கரைகிறது. ஜெல் மூன்றாவது வகை. விளக்கொளியில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகியது. துடைத்தால் போகாது, அசிட்டோனில் 10, 15 நிமிடம் ஊறினால்தான் இளகும்.

இப்போது உங்கள் இரண்டு தடவைக்கு வருவோம்.

முதல் தடவை கழன்றது தண்ணீரால். இந்தத் தோலுக்குத் தண்ணீர் ஆகாது. ஓரத்தில் ஒரு துளி புகுந்தாலும் ஊறிக் கிளம்பிவிடும். வெறும் நகத்திலாவது நுண்ணிய சொரசொரப்பு உண்டு, கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். ஜெல்லின் மேல்பூச்சான டாப் கோட் கண்ணாடி மாதிரி வழவழப்பு. ஆகவே ஜெல் மேல் இது ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் நிற்கும். உங்களுக்குத் தேவையும் அவ்வளவுதான். ஆனால் கோழி கழுவுவது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும், பெண்ணின் அக்காவுக்கு அந்த ஒரு நாள் சலுகை கிடைக்காமலா போகும்?

இரண்டாம் தடவை வராமல் போனது, பெரும்பாலும் மெல்லிசாகப் பூசியதால். கழன்றுவிட்டதே என்ற பயத்தில் குறைவாகத் தடவியிருப்பீர்கள். தோல் மெலிந்தால் இழுப்பைத் தாங்காமல் கிழியும். விட்டுப்போன இடத்தில் நிறம் நேராக ஜெல்லையே பிடித்துக்கொள்ளும். இல்லையென்றால், உள்ளே ஈரம் இருக்கும்போதே நிறம் பூசியிருப்பீர்கள். மேலே தெளிந்துவிட்டது என்பதற்காக அடிவரை காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மழை பிடித்த மாதங்களில் நம் ஊர்க் காற்றே ஈரத்துணி மாதிரி இருக்கும், குப்பியில் 5 நிமிடம் என்று எழுதியிருந்தால் அது இந்த ஊரைப் பார்க்காதவர்கள் எழுதியது. விசிறிக்கு முன்னால் 15, 20 நிமிடம் வையுங்கள். ஏர்கோன் அறையானால் இன்னும் நல்லது.

சனிக்கிழமை இப்படிச் செய்யுங்கள். முதலில் ஜெல்லின் ஓரங்களைச் சோதியுங்கள். நகக்கண் பக்கம் ஒரு தலைமுடியை வைத்து இழுங்கள். எங்காவது சிக்கினால் அந்த விரலில் ஜெல் கிளம்ப ஆரம்பித்துவிட்டது. அந்த விரலுக்கு இந்த வேலையே வேண்டாம், ஏனென்று பிறகு சொல்கிறேன். மற்ற விரல்களை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, பஞ்சில் ஆல்கஹால் தொட்டு ஒரு முறை வழித்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய், கைக்கிரீம் எல்லாம் அன்றைக்கு விரல் பக்கம் வரக்கூடாது.

அடிப்பூச்சைத் தாராளமாக ஒரு தடவை பூசுங்கள். நகக்கண்ணிலிருந்தும் இரு பக்கச் சதையிலிருந்தும் ஒரு மில்லிமீட்டர் விட்டுப் பூசுங்கள். சதையில் ஏறினால் அங்கிருந்துதான் முதலில் பிரியும். நன்றாகத் தெளிந்து, காய்ந்த பிறகு அரக்குச் சிவப்பை மெல்லிசாக இரண்டு தடவை, அதன்மேல் மினுக்கு. நிறம் அடிப்பூச்சின் விளிம்பைத் தாண்டி ஒரு மயிரிழை ஜெல்லைத் தொடட்டும், நகநுனியையும் மூடட்டும். அந்த மயிரிழைதான் தண்ணீருக்குப் போடுகிற அணை.

கடைசியில் போடும் டாப் கோட்டில் ஒரு சூட்சுமம். ஒரு நிமிடத்தில் காயும் என்று விற்கும் டாப் கோட்டுகள் காயும்போது சுருங்கி இழுக்கும். நிறம் கெட்டியாக ஒட்டியிருந்தால் நுனியில் கொஞ்சம் பின்வாங்கும், அவ்வளவுதான். கீழே உரியும் தோல் இருந்தால் மொத்தத்தையும் தூக்கிவிடும். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில், அவசரத்துக்கு அப்படி ஒன்றைப் போட்டு ஒரு மணப்பெண்ணை அனுப்பிவிட்டேன். வாழையிலைச் சாப்பாடு முடிந்து குழாயடியில் கை கழுவினாராம். மோதிர விரல் நகத்தின் நிறம் முழுசாக, மினுக்கோடு, தொட்டிக்குள் கிடந்ததாம். மறுநாள் அவருடைய அம்மா அதை ஒரு டிஷ்யூவில் மடித்து என் கடைக்கே கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. மெதுவாகக் காயும் சாதாரண டாப் கோட்டே போதும்.

இதில் உங்களுக்கு ஒரு லாபமும் உண்டு. விசேஷ வீட்டில் மஞ்சளும் மருதாணியும் கையில் படாமல் இருக்காது. வெளிர்நிற ஜெல்லில் மஞ்சள் ஏறினால் லேசில் போகாது. மேலே ஒரு தோல் இருந்தால் கறை அதோடு போய்விடும். நிறம் போடாத விரலில் மஞ்சள் பிடித்துவிட்டால் தேய்க்காதீர்கள். மஞ்சளின் நிறம் வெயிலில் வெளுக்கக்கூடியது, இரண்டொரு நாளில் தானாகக் குறையும்.

ஞாயிற்றுக்கிழமை உரிக்கும்போது பல்லும் வேண்டாம், நகமும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் 5 நிமிடம் கையை வையுங்கள். ஜெல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும் அந்த மயிரிழை விளிம்பை அசிட்டோன் இல்லாத ரிமூவரால் லேசாகத் துடையுங்கள். பிறகு மரக்குச்சியால் பக்கவாட்டில் நிமிண்டி, குறுக்காக, மெதுவாக. மேல்நோக்கி வெடுக்கென்று இழுக்காதீர்கள். மினுக்குக்கு இதைவிடச் சுகமான வழி இல்லை. ரிமூவரால் மினுக்கை எடுப்பவர் படும் பாடு எனக்குத் தெரியும். தொழுகைக்கு முன் நிறத்தை எடுத்துவிட வேண்டிய என் மலாய் வாடிக்கையாளர்கள் இந்த வகைப் பூச்சைத்தான் கேட்டு வாங்குகிறார்கள், வெறும் நகத்தில் போட. உரிப்பதில் அவர்கள் கை தேர்ந்தவர்கள்.

கிளம்பிய விரல் வேண்டாம் என்றேனே, காரணம் இது. அங்கே நிறம் ஜெல்லுக்கு அடியில் வழிந்து நகத்தையே பிடிக்கும். உரித்தால் ஜெல்லும் சேர்ந்து வரும், ஜெல்லோடு நகத்தின் மேலடுக்கும் வரும். நகம் கெரட்டின் என்ற புரதத்தின் அடுக்குகள், உயிரில்லாதது. புண் ஆறுவது மாதிரி அது ஆறாது, வளர்ந்துதான் தீரவேண்டும். விரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் வளரும். அடியிலிருந்து நுனி வரை புதுசாக வர ஆறு மாதம் ஆகும்.

இதே குப்பியை ஜெல்லுக்கு அடியில் பூசி, முழு ஜெல்லையும் உரித்தெடுக்கலாம் என்று உங்கள் தோழிகள் சொல்வார்கள். நான் சம்மதிக்க மாட்டேன். சில நாளில் ஓரம் கிளம்பும், நகத்துக்கும் ஜெல்லுக்கும் நடுவில் தண்ணீர் தங்கும், அந்த ஈரத்தில் கிருமி வளர்ந்து நகம் பச்சையாவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஜெல்லின் மேல் போட்டால் தண்ணீர் புகுந்தாலும் நிற்பது ஜெல்லுக்கு வெளியே. அதனால்தான் மேலே சரி, கீழே கூடாது என்கிறேன்.

குப்பி தீர்ந்துவிட்டால் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைப் பசையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் கலந்து பூசினாலும் ஓர் இரவுக்குத் தாங்கும். பொய் நகம் ஒட்டுகிற நெயில் குளூவை மட்டும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது இறுகினால் உரியாது. தோல் ஒவ்வாமை உள்ளவர்கள் லேட்டெக்ஸ் என்று எழுதிய குப்பியைத் தவிர்க்க வேண்டும். சிலவற்றில் உண்மையிலேயே நம் பால்மரத்துப் பால்தான் இருக்கிறது. திறந்ததும் அம்மோனியா நெடி அடித்தால் சந்தேகப்படுங்கள்.

மங்கிப்போன ஜெல்லுக்கு இப்போதைக்குச் செலவு வேண்டாம். அசிட்டோன் மேல் பளபளப்பைத்தான் தின்றிருக்கும், நிறம் அப்படியே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை உரித்து முடித்ததும் சாதாரண நிறமில்லாத டாப் கோட் ஒரு தடவை பூசிக்கொண்டு திங்கட்கிழமை கவுண்டருக்குப் போங்கள். அடுத்த முறை ஜெல் மாற்றப் போகும்போது சரிசெய்துகொள்ளலாம்.