தலையங்கத்தில் ‘மஸ்ட்’ எண்ணும் பெண்ணை எங்கே சேர்ப்பது?

பிளஸ் டூ முடித்த மகள் இங்கிலீஷ்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், பெரியப்பாவும் மாமாவும் மேனேஜ்மென்ட் கோட்டாவிலாவது கம்ப்யூட்டர் சயின்ஸில் தள்ளிவிடுங்கள் என்கிறார்கள், என்ன சார் செய்ய என்று கேட்டு வந்தார்கள் ஒரு தம்பதி. அவள் எதில் பொழுதைக் கழிக்கிறாள் என்று காட்ட ஒரு நோட்டையும் கொண்டுவந்திருந்தார்கள். ஆங்கிலத் தலையங்கங்களை வெட்டி ஒட்டி, ‘மஸ்ட்’ (must, கட்டாயம் செய்தாக வேண்டும்) வரும் இடத்தில் சிவப்புக் கோடு, ‘ஷுட்’ (should, செய்வது நல்லது) வரும் இடத்தில் பச்சைக் கோடு. ஓரத்தில் பென்சிலில், “அரசாங்கத்துக்கு மட்டும் மஸ்ட், நமக்கெல்லாம் ஷுட், ஏன்?”

கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் கோட்டா சீட்டுக்கு வீட்டை அடமானம் வைக்கப் போகிறோம் என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை. கோடிங் பிடிக்காத பெண்ணுக்குக் கடன் வாங்கி கோடிங் சீட் எதற்கு? தவணை கட்டப்போவது மாமா இல்லையே.

அவள் விளையாட்டாகச் செய்வதற்கு மொழியியலில் தனித் துறையே இருக்கிறது. 1961-ல் அச்சான அமெரிக்க ஆங்கிலத்திலிருந்து 500 பகுதிகளை எடுத்து, பத்து லட்சம் சொற்களில் ‘பிரவுன் கார்ப்பஸ்’ என்ற தொகுப்பைச் செய்தார்கள். அதில் தலையங்கப் பகுதிகள் மட்டும் 27. அதே அளவில் பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கும் ஒன்று, அப்புறம் முப்பது ஆண்டு கழித்து இரண்டுக்கும் ஜோடியாகப் புதிதாக ஒவ்வொன்று. இவற்றை ஒப்பிட்ட பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜெஃப்ரி லீச், ‘மஸ்ட்’, ‘ஷல்’ (shall), ‘ஆட் டு’ (ought to) மூன்றும் தெளிவாகக் குறைந்து ‘நீட் டு’ (need to) ஏறியிருப்பதைக் காட்டினார். கட்டளை போடுகிற குரல் இறங்கி, உங்கள் தேவைக்காகத்தான் சொல்கிறேன் என்கிற குரல் வந்துவிட்டது என்று இதை வாசிப்பவர்கள் உண்டு. நம் நாட்டிலும் கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தில், 1978-ல் அச்சான இந்திய ஆங்கிலத்தை வைத்து இதே அளவில் ஒரு தொகுப்பு செய்தார்கள். அவள் பென்சிலில் எழுதிய கேள்வியை இதில் வைத்து உண்மையாகவே ஆராயலாம்.

சரி, சோறு போடுமா? தொடக்கச் சம்பளம் சாஃப்ட்வேர்காரர்களைவிடக் குறைவாகத்தான் இருக்கும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் சட்ட வரைவு, ஒப்பந்தம், தொழில்நுட்ப ஆவணம் எழுதும் இடங்களில் எல்லாம் ‘மஸ்ட்’டுக்கும் ‘ஷுட்’டுக்கும் உள்ள இடைவெளியில்தான் பிழைப்பே நடக்கிறது. இணையத் தரநிலைகளை எழுதுபவர்கள் 1997-லேயே ஒரு ஆவணம் போட்டு, மஸ்ட் என்றால் விதிவிலக்கே கிடையாது, ஷுட் என்றால் தகுந்த காரணம் இருந்தால் விலகலாம் என்று வரையறுத்துவிட்டார்கள். மாமா சொல்கிற அதே கம்ப்யூட்டர் உலகத்துக்குள்தான் இந்த வேலையும் இருக்கிறது.

இளங்கலைக்கு இங்கிலீஷ், உள்ளூர் அரசுக் கல்லூரியே போதும். முதுகலைக்கு மொழியியல்: அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, ஹைதராபாத்தில் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகளுக்கென்றே மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டுக்கும் அடமானம் தேவைப்படாது.

இந்த விடுமுறையில் ‘ஆண்ட்காங்க்’ (AntConc) என்ற, ஒரு சொல் எங்கெங்கே எத்தனை முறை வருகிறது என்று காட்டும் இலவச மென்பொருளை இறக்கிக்கொடுங்கள். நோட்டில் இருக்கும் தலையங்கங்களை டைப் செய்து அதில் போட்டு, எந்தச் சொல் யாரை நோக்கி வருகிறது என்று எண்ணிப் பார்க்கட்டும். அலுப்பான வேலை. அதற்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால் சேர்த்துவிடுங்கள். சலித்துவிட்டது என்றால் மறுபடி வாருங்கள், வேறு படிப்பு பார்ப்போம். கோட்டாவைப் பற்றி மட்டும் அப்போதும் பேச மாட்டேன்.