பூங்கா ஊஞ்சலைச் சோதிப்பது யார் பொறுப்பு?

பாலக்காட்டு எல்லையோரப் பஞ்சாயத்துப் பூங்காவில் ஊஞ்சல் கொக்கி தேய்ந்திருப்பதாகவும், அதைச் சோதிப்பது யார் பொறுப்பு என்றும் கேட்டிருக்கிறீர்கள். பூங்காவைப் பராமரிக்கும் பஞ்சாயத்தே பொறுப்பு. டெல்லி மணிக்கூண்டு இடிந்து விழுந்த வழக்கில், பொதுவழியை ஒட்டிய கட்டடத்தை உரிமையாளர் அவ்வப்போது சோதித்தே ஆக வேண்டும் என்றும், பழுது கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் 1966இல் தீர்ப்பளித்தது. அந்த நியாயம் ஊஞ்சலுக்கும் பொருந்தும் என்பதே என் கருத்து.

சோதனை முறைக்கு, விளையாட்டுத்திடல் கருவிகளுக்கான ஐரோப்பாவின் இ.என். 1176 தரநிலை நல்ல அளவுகோல்: அடிக்கடி கண்பார்வைச் சோதனை, 1 முதல் 3 மாதங்களுக்கு ஒருமுறை தேய்மானச் சோதனை, ஆண்டுதோறும் முழு ஆய்வு. கொக்கியும் சங்கிலியும் உரசும் வளைவை முதலில் பாருங்கள். அங்கே பளபளவென்று மெலிந்திருக்கும் இரும்புதான் பெரிய ஆபத்து.

படத்துடன் செயலாளரிடம் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். ஆய்வுப் பதிவேட்டை நேரில் பார்க்க 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இடம் தருகிறது. பழுது நீக்கும்வரை ஊஞ்சலைக் கழற்றி வைக்கும்படியும் அதே மனுவில் கேளுங்கள்.