பேஸ்மென்ட்டில் நாலடி தண்ணீர்: ஒரே நாளில் வற்ற இறைக்கலாமா?

கேள்வி: வேளச்சேரியில் 20 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு எங்களுடையது. தரைக்குக் கீழே 60 அடிக்கு 40 அடியில் கார் பார்க்கிங். புயல் மழையில் சாய்தளம் வழியாகத் தண்ணீர் புகுந்து நாலடிக்கு நிற்கிறது. மூன்று கார்களும் பத்துப் பன்னிரண்டு பைக்குகளும் உள்ளே மாட்டிக்கொண்டன. குடிநீர் சம்ப், லிஃப்ட் குழி, ஜெனரேட்டர் எல்லாம் அங்கேதான். நேற்று இரவோடு மழை விட்டுவிட்டது. இரண்டு டீசல் மோட்டாரை வாடகைக்கு எடுத்து இன்றைக்கே வற்ற இறைத்துவிடலாம் என்று வீட்டுக்காரர்கள் நெருக்குகிறார்கள். செய்யலாமா? பிறகு சுத்தம் செய்வது எப்படி? (சங்கச் செயலாளர்)

பதில்: இன்றைக்கே வற்ற இறைக்க வேண்டாம். இன்று ஓரடி இறக்குங்கள், போதும். காரணம் சொல்கிறோம். அதற்கு முன் மின்சாரம்.

தெருவில் கரண்ட் இல்லை என்பதை நம்பி யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. நீங்கள் உள்ளே நிற்கும்போதே லைன் திரும்ப வரலாம். மெயின் சுவிட்ச் காய்ந்த தரையில், கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் அணையுங்கள். அதை அடையத் தண்ணீரில் நடக்க வேண்டும் என்றால் தொடாதீர்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு (94987 94987) போன் செய்து, தெரு பில்லர் பாக்ஸிலேயே உங்கள் கட்டடத்துக்கான ஃபியூஸை எடுக்கச் சொல்லுங்கள். காய்ந்த இடத்தில் உள்ள உங்கள் மெயினிலும் ஃபியூஸ் கட்டையைக் கழற்றிச் செயலாளர் கையிலேயே வைத்துக்கொள்வது நல்லது. யாரோ ஒருவர் நல்லெண்ணத்தில் போய் ஆன் செய்துவிடும் ஆபத்து அதோடு தீர்ந்தது.

பலர் மறப்பது ஜெனரேட்டரையும் இன்வெர்ட்டரையும். கரண்ட் போனால் தானாக ஓடும் ஜெனரேட்டர் என்றால், அதன் பேனல் மேல்தளத்தில் இருந்தாலும் ஆட்டோ நிலையிலிருந்து ஆஃபுக்கு மாற்றிவிடுங்கள். பொதுவிளக்குகளுக்கு இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணையுங்கள். இ.பி. லைனை வெட்டிய பிறகும் இவை இரண்டும் பேஸ்மென்ட் வயர்களுக்கு மின்சாரம் அனுப்பக்கூடியவை. லிஃப்டை மேல் மாடியில் நிறுத்தி சப்ளையை வெட்டிவிட்டு, கம்பெனி ஆள் வந்து குழியைப் பார்க்கும் வரை அப்படியே விடுங்கள்.

இனி தண்ணீர். 2,400 சதுர அடியில் நாலடி என்றால் சுமார் 2,72,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி 23 வந்தால்தான் அவ்வளவையும் ஏற்ற முடியும். மூன்று அங்குல டீசல் பம்ப் நிமிடத்துக்கு 1,000 லிட்டர் என்று பெயர்ப்பலகையில் இருக்கும். சக்‌ஷன் உயரம், ஓஸ் நீளம், இலை தழை எல்லாம் போக 600 லிட்டர் என்று கணக்குப் போடுங்கள். ஒரு பம்ப்பே ஏழரை மணி நேரத்தில் முழுவதையும் இறைத்துவிடும். இரண்டு போட்டால் நாலு மணி நேரம்தான். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

பேஸ்மென்ட்டைச் சுற்றியுள்ள மண் இப்போது தண்ணீர் குடித்து நிறைந்திருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய வேளச்சேரிப் பக்கம் நிலத்தடி நீர் மழைக்காலத்தில் தரைமட்டத்துக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் ஒரு சதுர மீட்டரில் ஒரு டன் அழுத்தம் தரும். வெளியே இருந்து அழுத்தும் தண்ணீரை இதுவரை எதிர்த்து நிற்பது உள்ளே நிற்கும் தண்ணீர்தான். அதை நாலு மணி நேரத்தில் எடுத்துவிட்டால் வெளியழுத்தம் மொத்தமும் சுவர் மேலும் தரைக்கு அடியிலும் விழும். நாலு அங்குல கான்கிரீட் தரையின் எடை சதுர மீட்டருக்கு 240 கிலோதான். கட்டும்போதே மேல்நோக்கிய நீரழுத்தத்துக்குக் கணக்குப் போட்டு ராஃப்ட் (கட்டடம் முழுவதையும் தாங்கும் கனமான கம்பி கட்டிய கான்கிரீட் பலகை) போட்டிருந்தால் கவலையில்லை. தூண்களுக்கு நடுவே சும்மா கான்கிரீட் கொட்டி டைல்ஸ் ஒட்டிய தரை என்றால், அது பப்படம்போல் உப்பி வெடிக்கும். உங்கள் தரை எந்த வகை என்று கட்டட வரைபடத்தில் பாருங்கள். வரைபடம் கிடைக்காவிட்டால் இரண்டாவது வகை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று அறிய, வளாகத்தில் உள்ள மழைநீர் சேகரிப்புக் கிணறோ பழைய உறைகிணறோ உதவும். மூடியைத் திறந்து, நுனியில் கல் கட்டிய கயிற்றை விட்டு, தண்ணீரைத் தொடும் ஆழத்தை அளந்து எழுதிவையுங்கள். மொட்டைமாடித் தண்ணீர் நேராக விழும் கிணறு என்றால் மழை விட்டு ஏழெட்டு மணி நேரம் கழித்து எடுத்த அளவையே நம்பலாம். பேஸ்மென்ட் சுவரில் இப்போதைய மட்டத்தைச் சாக்பீஸால் கோடு போட்டு நேரம் எழுதுங்கள். இரண்டு மட்டமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், நீங்கள் இறைக்க இறைக்க நிலம் அதைத் திருப்பித் தந்துகொண்டே இருக்கும்.

முதல் நாள் ஓரடி மட்டும் இறக்குங்கள். ஒரு பம்ப்புக்கு அது இரண்டு மணி நேர வேலை. நிறுத்திவிட்டு, புதிய மட்டத்தில் கோடு போட்டு, இரவு முழுக்க விடுங்கள். காலையில் மட்டம் கோட்டிலேயே நின்றால் அடுத்த அடி. இரண்டு மூன்று அங்குலம் ஏறியிருந்தால் வெளியே இன்னும் வடியவில்லை. ஒரு நாள் பொறுங்கள். உங்கள் கணக்கில் ஓர் அங்குலம் ஏறினாலே 5,600 லிட்டர் உள்ளே ஊறியிருக்கிறது என்று பொருள்.

இறைக்கும்போது ஒருவர் டார்ச்சோடு சாய்தளத்தின் காய்ந்த பகுதியில் நின்று சுவர் ஓரங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். தரையும் சுவரும் சேரும் மூலையில் தெளிந்த நீர் கசிந்தால் அது ஊற்று. மெதுவாக இறைத்தால் சமாளிக்கலாம். கலங்கிய நீர் மணலோடு கொப்புளித்தால் உடனே பம்ப்பை நிறுத்துங்கள். தரைக்கு அடியில் இருக்கும் மண் தண்ணீரோடு வெளியேறுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். நிறுத்தாவிட்டால் தரை அடியில் பொந்து விழும், பக்கத்துக் காம்பவுண்டு சுவரும் சாயும். டைல்ஸ் கும்மென்று வெற்றொலி கொடுத்தாலோ சுவரில் கிடைமட்டமாக விரிசல் தெரிந்தாலோ ஆட்களை வெளியேற்றி, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வரவழைத்த பிறகே அடுத்த அடி.

பம்ப்பை வைக்கும் இடம் தெருமட்டத்தில், திறந்த வெளியில். சாய்தளத்துக்குள் இறக்கி வைக்கவே கூடாது. டீசல், பெட்ரோல் எந்த இன்ஜினும் கார்பன் மோனாக்சைடு கக்கும். அதற்கு நிறமோ வாசனையோ இல்லை, மூடிய இடத்தில் சில நிமிடங்களில் ஆளைச் சாய்த்துவிடும். சக்‌ஷனுக்குக் கம்பிச்சுருள் வைத்த கெட்டியான ஓஸ் வேண்டும். மெல்லிய ஓஸ் உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும். பம்ப் ஓடியும் தண்ணீர் வரவில்லை என்றால் பத்தில் ஒன்பது தடவை காற்று இழுப்பதுதான் காரணம். ஓஸ் இணைப்புகளில் பழைய சைக்கிள் டியூபை இறுக்கிச் சுற்றி கிளிப் போடுங்கள். ஓஸின் உறிஞ்சும் நுனியில் உள்ள ஃபுட் வால்வைக் காய்கறிக் கூடை ஒன்றுக்குள் வைத்துக் கொசுவலை சுற்றினால் பாலிதீன் பை அடைக்காது. வெளியேறும் தண்ணீரைத் தெரு மழைநீர் வடிகாலில் விடுங்கள், பாதாளச் சாக்கடை மேன்ஹோலில் விட வேண்டாம். சாக்கடை ஏற்கெனவே நிரம்பியிருக்கும். நீங்கள் ஊற்றுவது தரைத்தள வீட்டுக் கழிவறையில் பொங்கி எழும்.

கார், பைக்குகளைத் தண்ணீருக்குள் நிற்கும் நிலையிலேயே எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள். நம்பர் பிளேட்டும் சுவரில் உள்ள நீர்க்கோடும் ஒரே படத்தில் தெரியட்டும். வடிந்ததும் யாரும் சாவி போட்டுப் பார்க்க வேண்டாம். சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலேறும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இப்படி ஸ்டார்ட் செய்து கெட்ட இன்ஜினுக்கு, அதற்கான கூடுதல் பாதுகாப்பை முன்பே எடுத்திருந்தால் தவிர, இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் கை விரித்துவிடும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, தள்ளியோ இழுவை வண்டியில் ஏற்றியோதான் வெளியே கொண்டுவர வேண்டும். மின்சார ஸ்கூட்டர் மூழ்கியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள். கட்டடத்தை விட்டு 15 மீட்டராவது தள்ளித் திறந்த வெளியில் நிறுத்துங்கள். நனைந்த லித்தியம் பேட்டரி நாள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கும்.

கடைசி அரையடித் தண்ணீரில் பெட்ரோலும் ஆயிலும் மிதக்கும். பீடி, சிகரெட், தீக்குச்சி எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. எண்ணெய்ப் படலத்தின் மேல் மரத்தூள் தூவி வாரி எடுங்கள். இறங்கும் ஆட்களுக்கு முழங்கால் வரை கம்பூட்ஸ், ரப்பர் கையுறை கட்டாயம். கையில் ஒரு கம்பு. பாம்பும் தேளும் காய்ந்த மூலையைத் தேடி ஒதுங்கியிருக்கும்.

சேற்றை ஈரமாக இருக்கும்போதே வாருங்கள். இரண்டு நாள் காய்ந்தால் மண்வெட்டிக்கும் வராது. முதலில் தரை வடிகாலையும் அதன் குழியையும் காலி செய்தால்தான் கழுவும் தண்ணீருக்கு வழி கிடைக்கும். பிறகு மேலிருந்து கீழாகச் சுவர், கடைசியாகத் தரை, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். சேற்றின் மேலேயே ப்ளீச்சிங் பவுடரைக் கோலம்போல் தூவிவிட்டுப் போவதை ஊரெங்கும் பார்க்கிறோம். அதில் கிருமி சாகாது. குளோரினைச் சேறே தின்றுவிடும். கழுவிய தரைக்குத்தான் மருந்து. 10 லிட்டர் பக்கெட்டுக்கு 150 கிராம் புதிய ப்ளீச்சிங் பவுடர், மேலே திறந்த வெளியில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டுக் கழுவுங்கள். அதோடு ஆசிட்டோ கழிவறை கிளீனரோ ஒருபோதும் சேரக் கூடாது. கிளம்பும் குளோரின் வாயு காற்றைவிடக் கனம். மேலே போகாமல் பேஸ்மென்ட்டிலேயே தங்கும். கறை போகவில்லை என்று ஆசிட் எடுத்துவருபவரை அங்கேயே தடுத்துவிடுங்கள்.

சம்ப்பில் வெள்ளம் புகுந்திருந்தால் அந்தத் தண்ணீர் ஒரு சொட்டும் மேலே ஏறக் கூடாது. ஏற்கெனவே ஏற்றிவிட்டீர்கள் என்றால் மாடித் தொட்டிக்கும் இதே வைத்தியம்தான். சம்ப்பை முழுக்க இறைத்து, மூடியைத் திறந்துவைத்து நன்றாகக் காற்றோட விட்டு, இடுப்பில் கயிறு கட்டிய ஓர் ஆள் இறங்க, மேலே இருவர் நிற்க வேண்டும். அவர் மயங்கினால் இன்னொருவர் குதிக்காமல் கயிற்றால் இழுக்க வேண்டும். செப்டிக் டேங்க்கிலோ சாக்கடைக் குழியிலோ மட்டும் யாரையும் இறக்காதீர்கள். உயிரைப் பறிக்கும் வேலை அது, 2013 சட்டப்படி குற்றமும்கூட. சம்ப்பைத் தேய்த்துக் கழுவிய பின் நிரப்பி, 10,000 லிட்டருக்கு ஒன்றரை கிலோ ப்ளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி ஓர் இரவு விட்டு, முழுவதையும் வெளியேற்றி, மறுபடி நல்ல தண்ணீர் நிரப்புங்கள். அதன் பிறகும் சில வாரங்களுக்குக் குடிக்கக் கொதிக்கவைத்த தண்ணீர்தான்.

நனைந்த எம்.சி.பி. (ஓவர்லோடில் தானாக அணையும் சுவிட்ச்), ஆர்.சி.சி.பி. (மின்கசிவில் தானாக அணைவது), சுவிட்ச், ஸ்டார்ட்டர் எதையும் காயவைத்துப் பயன்படுத்தாதீர்கள். உள்ளே படிந்த வண்டல், ஆபத்து வரும் நேரத்தில் அதை டிரிப் ஆகவிடாது. மாற்றுவதுதான் வழி. மோட்டார், ஜெனரேட்டர் வைண்டிங்கை எலக்ட்ரீஷியன் மெக்கர் (மின்காப்பை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்து, ஒரு மெகா ஓமுக்கு மேல் காட்டிய பிறகே சப்ளை. புதிய பேனலை நீர்க்கோட்டுக்கு மேலே, முடிந்தால் முதல் மாடிக்கே ஏற்றுங்கள்.

சுவர் காய மாதக்கணக்கில் ஆகும். மார்கழிக் காற்றிலேயே ஈரம் இருப்பதால் கதவைத் திறந்துவைத்தால் மட்டும் போதாது, எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும். பெயிண்ட் அடிக்கலாமா என்று பார்க்க, இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் உள்பக்கம் நீர்த்துளி இருந்தால் ஓதம் இன்னும் உள்ளே இருக்கிறது. அடித்த பெயிண்ட் உப்புப் பூத்து உரிந்துவிடும்.

வெள்ளத்தில் இறங்கியவர்கள் எல்லோரும் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை பற்றி டாக்டரிடம் இப்போதே கேளுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலோ கெண்டைக்கால் வலியோ கண் சிவப்போ வந்தால், தண்ணீரில் நின்றதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

அடுத்த மழைக்கு முன் சாய்தளத்தின் உச்சியை அளந்து பாருங்கள். கட்டும்போது தெருவைவிட ஓரடி உயர்ந்த மேடு இருந்திருக்கும். சாலை மேல் சாலை போட்டதில் அது அரையடியாகக் குறைந்திருந்தால் கான்கிரீட் போட்டு உயர்த்துங்கள். சாய்தளத்தின் அடியில் குறுக்கே கிரில் மூடிய வாய்க்காலும், அது போய்ச் சேரும் குழியில் ஃப்ளோட் சுவிட்ச் (தண்ணீர் ஏறினால் மிதந்து ஆன் ஆவது) வைத்த இரண்டு பம்ப்புகளும் வேண்டும். 100 சதுர மீட்டர் சாய்தளத்தில் மணிக்கு 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் நிமிடத்துக்கு 170 லிட்டர் உள்ளே வரும்; ஒவ்வொரு பம்ப்பும் தனியாகவே அதைத் தாங்க வேண்டும். வெளியேற்றும் குழாயில் என்.ஆர்.வி. (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) இல்லாவிட்டால் தெருத் தண்ணீர் அதே குழாய் வழியாகத் திரும்பி வந்துவிடும். புரட்டாசி கடைசியில் ஒரு டிரம் தண்ணீரைக் குழியில் கொட்டி, ஃப்ளோட் மேலேறி இரண்டு பம்ப்பும் தானாக ஓடுகின்றனவா என்று பாருங்கள்.