பழைய போல்ட்டை நம்பலாமா?

கேள்வி: திருச்சியில் பைக் பட்டறை வைத்திருக்கிறேன். கழற்றிய போல்ட்டைக் காட்டி, "இதே மாதிரி கொடுங்கள்" என்று கடையில் வாங்குவதுதான் எங்கள் வழக்கம். விமானத்தில் மட்டும் ஒரு போல்ட்டுக்குப் பாக எண், சான்றிதழ், கையெழுத்து என்று இத்தனை காகிதம் எதற்கு ஐயா?

பதில்: தம்பி, விமான உதிரிப்பாக ஸ்டோரில் முப்பது வருடம் அலமாரிகளோடு மாரடித்தவன் நான். அந்தக் காகிதங்களைத் திட்டாத நாள் இல்லை. ஆனால் நீங்கள் சொல்லும் அதே வழக்கப்படி இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஒருவர் வேலை செய்திருக்கிறார்.

1990 ஜூன். பிரிட்டிஷ் ஏர்வேஸின் பிஏசி ஒன்-லெவன் விமானத்துக்கு முன்கண்ணாடி மாற்ற வேண்டும். மொத்தம் 90 போல்ட். இரவு ஷிஃப்ட் மேலாளர் பாகப் பட்டியலைப் புரட்டவில்லை. கழற்றிய போல்ட் ஒன்றை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனார். அது 7டி (7டி, 8டி, 8சி என்பவை போல்ட்டின் அளவைச் சொல்லும் பாக எண்கள்). "இந்தக் கண்ணாடிக்கு 8டி அல்லவா போடுவார்கள்?" என்று ஸ்டோர்காரர் சொல்லியும் பார்த்தார். எடுபடவில்லை. (எங்கள் பேச்சு எப்போது எடுபட்டது!) அங்கே போதிய இருப்பு இல்லாததால், மேலாளர் வேறோர் இடத்தில் மங்கிய வெளிச்சத்தில் இழுப்பறைகளைத் துழாவி, கண்ணளவில் ஒப்பிட்டு எடுத்துவந்தார். அவை 8சி. நீளம் சரி, விட்டம்தான் 0.66 மில்லிமீட்டர் குறைவு. அப்படி 84 போல்ட் ஏறின.

அந்தக் கண்ணாடி வெளியிலிருந்து பொருத்தும் வகை. மேலே போகப் போக உள்ளிருக்கும் காற்று அதை வெளியே தள்ளும். தடுப்பது போல்ட் மட்டுமே. 27 மணி நேரம் கழித்து, 17,300 அடி உயரத்தில் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் பாதி உடல் வெளியே. பணியாளர்கள் அவர் காலைப் பிடித்துக்கொண்டே இருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் உட்பட எல்லோரும் பிழைத்தார்கள்.

உங்கள் கேள்விக்கான பதில் இனிமேல்தான் வருகிறது. அவர் மாதிரிக்கு எடுத்துப் போன 7டி போல்ட்டே தவறு. இரண்டரை மில்லிமீட்டர் குட்டை. முன்பு யாரோ மாட்டியது, நான்கு வருடம் விழாமல் நின்றிருக்கிறது, அவ்வளவுதான். 8டி என்ற உண்மை பட்டியலில் இருந்தது, ஸ்டோர்காரர் நினைவிலும் இருந்தது; கழற்றிய போல்ட்டில் இல்லை.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது, கையில் இருப்பது கம்பெனி மாட்டியதா, உங்களுக்கு முன் வேறு மெக்கானிக் மாட்டியதா என்று வண்டிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.