நெட் வருகிறது, ஆனால் ஸ்விட்சின் செட்டிங்ஸ் பக்கம் மட்டும் திறக்கவில்லையே, ஏன்?

கேட்டவரின் நிலைமை இதுதான்: வீட்டில் எட்டு போர்ட் மேனேஜ்டு ஸ்விட்ச் (பிரவுசர் வழியாக உள்ளே போய் செட்டிங்ஸை மாற்றக்கூடியது) ஒன்றை மாட்டியிருக்கிறார், டிவி, கம்ப்யூட்டர், கேமரா எல்லாவற்றுக்கும் நெட் ஒழுங்காக வருகிறது, கூட வந்த தாளில் போட்டிருந்த 192.168.0.1-ஐ பிரவுசரில் அடித்தால் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பழுதான பெட்டியா, திருப்பி அனுப்பிவிடலாமா என்கிறார்.

அனுப்பாதீர்கள். ஸ்விட்சுக்குத் தன் வேலையைச் செய்ய ஐபி முகவரியே தேவையில்லை. எந்த மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையிலேயே கொடுத்த எண்) எந்த போர்ட்டில் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு தள்ளிவிடும், அவ்வளவுதான். ஐபி என்பது நீங்கள் உள்ளே போய் எதையாவது மாற்றுவதற்காக அதற்கு வைத்த வாசல். வாசல் எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியாவிட்டாலும் உள்ளே வேலை நடந்துகொண்டேதான் இருக்கும். அதனால் ‘நெட் வருகிறதே, பக்கம் ஏன் வரவில்லை’ என்று இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முதலில் ஒன்று, சிரிக்காதீர்கள்: அது நிஜமாகவே மேனேஜ்டு ஸ்விட்ச்தானா? டிபி-லிங்கில் எஸ்ஜி108 என்று ஒன்று, எஸ்ஜி108இ என்று ஒன்று. கடைசியில் அந்த ‘இ’ இல்லையென்றால் செட்டிங்ஸ் பக்கமே கிடையாது, எதைத் தட்டினாலும் திறக்காது.

சரி, ‘இ’ இருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டரின் முகவரி என்ன? நிறைய வீட்டு ரவுட்டர்கள் 192.168.1 வரிசையில் கொடுக்கும். ஸ்விட்ச் உட்கார்ந்திருப்பது 192.168.0 வரிசையில். ஒரே கேபிளில் இருந்தாலும் உங்கள் கம்ப்யூட்டர் அதை வெளியூர்க்காரன் என்று நினைத்து ரவுட்டரிடம் அனுப்பும், ரவுட்டர் இன்டர்நெட் பக்கம் தள்ளிவிடும், அங்கே அது எங்கோ காணாமல் போகும். பத்தில் ஏழு பேருக்கு இதுதான் விஷயம் என்பது என் அனுமானம். பெட்டியிலிருந்து வரும்போதே இருக்கும் முகவரி கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: நெட்கியர் என்றால் பெரும்பாலும் 192.168.0.239, சிஸ்கோவின் சின்ன ஸ்விட்ச்கள் 192.168.1.254, மைக்ரோடிக் 192.168.88.1. இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு: உங்கள் ரவுட்டரே 192.168.0.1 என்றால் ஒரே முகவரிக்கு இரண்டு பேர் ‘நான்தான்’ என்று பதில் சொல்வார்கள், ஒரு தடவை ரவுட்டர் பக்கம் வரும், ஒரு தடவை ஒன்றுமே வராது.

செய்ய வேண்டியது: லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிடுங்கள் (இதை மறந்துவிட்டுத்தான் பாதிப் பேர் அரை நாள் வீணாக்குகிறார்கள்). ஸ்விட்சிலிருந்து மற்ற எல்லாக் கேபிளையும் உருவிவிட்டு லேப்டாப்பை மட்டும் செருகுங்கள். லேப்டாப்புக்குக் கையால் 192.168.0.50, மாஸ்க் 255.255.255.0 என்று கொடுங்கள், கேட்வே காலியாக இருக்கட்டும். இப்போது பிரவுசரில் அடியுங்கள். புது மாடல்கள் சில ரவுட்டரிடமிருந்து தானாகவே முகவரி வாங்கிக்கொள்ளும், அப்படியானால் இந்தக் கூத்தே வேண்டாம், ரவுட்டரின் டிஹெச்சிபி பட்டியலில் (யாருக்கு எந்த முகவரி கொடுத்தது என்று ரவுட்டர் வைத்திருப்பது), ஸ்விட்சின் அடியில் ஒட்டியிருக்கும் மேக் எண்ணைத் தேடினால் போதும்.

இதற்கும் மசியவில்லையா? அந்த முகவரிக்கு பிங் (‘இருக்கிறாயா’ என்று கேட்கும் கட்டளை) கொடுங்கள், கொடுத்த கையோடு ஏஆர்பி பட்டியலை (எந்த ஐபிக்கு எந்த மேக் என்று கம்ப்யூட்டர் குறித்து வைத்திருப்பது) பாருங்கள். பிங்குக்குப் பதில் வராவிட்டாலும் பட்டியலில் அந்த ஐபிக்கு நேராக ஸ்டிக்கரில் இருக்கும் அதே மேக் எண் வந்துவிட்டால் ஸ்விட்ச் உங்களுக்குக் கேட்கும் தூரத்தில்தான் இருக்கிறது என்று அர்த்தம். பிங் போகிறது, பக்கம் மட்டும் வரவில்லை என்றால் சந்தேகம் பிரவுசர் மேல். முன்னால் ஹெச்டிடிபி என்று முழுசாக அடித்துப் பாருங்கள், பிரவுசர்கள் தாமாகவே ஹெச்டிடிபிஎஸ் பக்கம் இழுக்கும். ஸ்விட்ச் ரொம்பப் பழசு என்றால் அது பேசுவது டிஎல்எஸ் 1.0 (ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கான பழைய பூட்டு முறை) ஆக இருக்கலாம், முக்கியமான பிரவுசர்கள் எல்லாம் 2020-லேயே அதைக் கைவிட்டுவிட்டன.

இது எல்லாமே புது ஸ்விட்சின் கதை. நேற்று வரை திறந்தது, இன்று திறக்கவில்லை என்றால் அது வேறு, பெரும்பாலும் அது நம் கைங்கரியம். நான் செய்ததைச் சொல்கிறேன். கேமராக்களைத் தனி விலானில் (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்), 20 என்று வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆரம்பித்தேன். பரண் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, மடியில் லேப்டாப். போர்ட் 5, 6, 7 மூன்றுக்கும் பிவிஐடியை 20 என்று மாற்றி அப்ளை அடித்தேன். பக்கம் அப்படியே உறைந்துவிட்டது. லேப்டாப் கேபிள் 7-ல் இருந்தது! டேக் (விலான் எண் எழுதிய சீட்டு) இல்லாமல் உள்ளே வரும் ஃப்ரேம் (டேட்டா பொட்டலம்) எந்த விலானுக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்வது பிவிஐடிதான், ஸ்விட்சின் செட்டிங்ஸ் பக்கமோ விலான் 1-ல் இருக்கிறது. நானே கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று தட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் என் முதல் யோசனை ரீசெட் ஓட்டையில் குண்டூசியை விடுவதுதான். நல்ல வேளை, கையில் குண்டூசி இல்லை.

ஏனென்றால் நிறைய ஸ்விட்ச்களில் அப்ளை வேறு, சேவ் வேறு. அப்ளை அடித்தது ஓடும் நினைவில் மட்டும்தான் இருக்கும், சேவ் அடிக்காவிட்டால் கரண்டைப் பிடுங்கிச் செருகினால் பழையபடி வந்துவிடும். நான் சேவ் அடித்திருக்கவில்லை. அடாப்டரை உருவிப் பத்து விநாடி கழித்துச் செருகினேன், ஒரு நிமிடத்தில் லாகின் பக்கம் வந்தது. சேவ் அடித்துவிட்டீர்கள் என்றால் கேபிளை மற்ற போர்ட்களில் ஒவ்வொன்றாக மாற்றிச் செருகிப் பாருங்கள், ஏதாவது ஒன்று இன்னும் விலான் 1-ல் இருக்கும். கன்சோல் போர்ட் (நெட்வொர்க் வழியாக இல்லாமல் தனி கேபிளில் நேராக உள்ளே போகும் வழி) உள்ள ஸ்விட்ச் என்றால் அதன் வழியாகப் போகலாம், வேகம் 9600 அல்லது 115200 வைத்துப் பாருங்கள்.

எதுவுமே நடக்கவில்லை என்றால்தான் ரீசெட். அதற்கு முன்னால் ஒரு விஷயம். இரண்டு ஸ்விட்ச்களுக்கு நடுவே இரண்டு கேபிள் போட்டு, இரண்டும் ஒரே இணைப்பு மாதிரி வேலை செய்ய லேக் என்று சேர்த்து வைத்திருந்தால், ஒரு கேபிளைக் கழற்றிவிட்டு ரீசெட் செய்யுங்கள். ரீசெட் ஆனதும் அந்த லேக் அழிந்துவிடும், இரண்டு கேபிளும் சேர்ந்து லூப் ஆகலாம், அப்படி ஆகி, லூப்பைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ ஓடாத ஸ்விட்சாகவும் இருந்தால் மொத்த வீட்டு நெட்டும் படுத்துவிடும். எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் வெறி பிடித்த மாதிரி மின்னினால் அதுதான்.

இப்போது என் ஸ்விட்சில் 8-ம் போர்ட்டை விலான் 1-லேயே விட்டு, அதன் மேல் மஞ்சள் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். அதில் எதையும் செருகக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. போன வாரம் பார்த்தால் அதில் பிரிண்டர் இருக்கிறது.